கட்டிலருகில் பயிலும் பரிவு

தாதியத் தொழிலில் பரிவு கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று. நோயாளியைப் பெயர் சொல்லி அழைப்பது, ஊசி போடுமுன் அது எதற்கென்று சொல்வது, திரையை இழுத்துவிட்ட பின்பே உடையை விலக்குவது, வலிக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்பது, பத்து நிமிடத்தில் வருகிறேன் என்றால் வந்து நிற்பது. ஒருவரின் உள்ளத்தில் எவ்வளவு இரக்கம் இருக்கிறது என்று யாராலும் அளக்க முடியாது. ஆனால் இவற்றைச் செய்தாரா இல்லையா என்பதைப் பக்கத்துக் கட்டிலில் கிடப்பவரும் சொல்லிவிடுவார். தாதியக் கல்வி பற்றிய ஆராய்ச்சிகள் பரிவு நடத்தை என்று பேசுவது இதனால்தான்.

அமெரிக்கத் தாதியியல் அறிஞர் ஜீன் வாட்சன் 1979 இல் வெளியிட்ட நூல் இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் இட்டது. பரிவே தாதியத்தின் மையம் என்று சொல்லி, அதற்குப் பத்துக் கூறுகளை அவர் வகுத்தார். கருச்சிதைவுக்கு ஆளான பெண்களிடமும், பச்சிளங் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவிலும், இடர் நிறைந்த சூழலில் வாழும் தாய்மாரிடமும் ஆய்வு செய்த கிறிஸ்டன் சுவான்சன், 1991 இல் ஐந்து செயல்களை எடுத்துக்காட்டினார்: நோயாளியை அறிதல், கூட இருத்தல், அவரால் முடியாததை அவருக்காகச் செய்தல், முடிந்ததை அவரே செய்ய வழிவிடுதல், அவர் மீள்வார் என்ற நம்பிக்கையைக் கைவிடாதிருத்தல். இவற்றை அளக்கவும் கருவிகள் வந்தன. அவற்றுள் அதிகம் பயன்படும் பரிவு நடத்தை வினாக்கொத்து, 2006 இல் 24 கூற்றுகளாகச் சுருக்கப்பட்டது. நோயாளிக்குத் தைரியம் தருதல், அறிவும் கைத்திறனும், மரியாதை, உறவு பாராட்டுதல் என்ற நான்கு பிரிவுகளில் அது கேள்விகளை எழுப்புகிறது.

பயிற்சி கூடக்கூடப் பரிவும் கூடும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் பிரித்தானியாவில் 2009 இல் வெளியான ஓர் ஆய்வு முதலாம் ஆண்டுத் தாதிய மாணவரையும் மூன்றாம் ஆண்டு மாணவரையும் ஒப்பிட்டபோது, மூன்றாம் ஆண்டினரின் பரிவு மதிப்பே குறைந்திருந்தது. எல்லா நாட்டு ஆய்வுகளும் இப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் இந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது. மூன்று ஆண்டுகளில் மாணவர் கழிக்கும் காலத்தில் கணிசமான பங்கு மருத்துவமனையின் நோயாளர் விடுதிகளில் கழிகிறது. எனவே பரிவு வளர்ந்தாலும் தேய்ந்தாலும் காரணத்தை அங்கேதான் தேட வேண்டும்.

இலங்கையில் சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் மூன்றாண்டு டிப்ளோமாப் பயிற்சியை நடத்துகின்றன. வடக்கில் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இவை உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நான்காண்டுத் தாதிய விஞ்ஞானமாணிப் பட்டம் வழங்குகிறது. தொடக்கத்தில் வகுப்பறையும் செயன்முறை அறையும். பிறகு மருத்துவ விடுதி, சத்திரசிகிச்சை விடுதி, மகப்பேறு, குழந்தைகள், உளநலம், கிராமத்துக் கிளினிக் என்று சுற்று. மன்னார்க் கரையின் நோயாளிகள் இந்தச் சுற்றில் அடிக்கடி எதிர்ப்படுகிறார்கள். 2012 கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழ்ந்த மன்னார் மாவட்டத்தின் தலைமை மருத்துவமனை, மன்னார் நகரில் உள்ள மாவட்டப் பொது வைத்தியசாலை. அங்கே முடியாத சிகிச்சைக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரத்து வவுனியாவுக்கோ, அதைவிடத் தொலைவான யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அம்புலன்ஸ் போகிறது. தலைமன்னாரில் இருந்து வரும் நோயாளிக்கு மன்னார் நகரமே 30 கிலோமீற்றர். அங்கிருந்தும் மாற்றி அனுப்பப்பட்டவர், துணைக்கு வந்தவருக்கு இரவு தங்க இடம் இருக்குமா என்று யோசித்தபடியே கட்டிலில் ஏறுகிறார். அவர் முதலில் காணும் முகங்களில் ஒன்று பெரும்பாலும் ஒரு மாணவத் தாதியுடையது.

விடுதிக்குள் புதிதாகக் கால் வைக்கும் மாணவருக்கு இரக்கம் குறைவதில்லை, அச்சம்தான் மிகுதி. குருதியமுக்கம் பார்க்கும்போது கவனம் முழுவதும் காதில் விழும் ஒலியிலும் இறங்கும் ஊசிமுள்ளிலும் இருக்கும். நோயாளி முகம் சுளிப்பது அவருக்குத் தெரியாது. பட்ரீசியா பென்னர் 1984 இல் எழுதிய, புதியவர் நிலையில் இருந்து தேர்ந்தவர் நிலை வரையான வளர்ச்சி பற்றிய நூல் இதை நன்றாக விளக்குகிறது. புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை பழகிய பிறகுதான் கண் நோயாளியிடம் போகிறது. ஆகவே முதல் மாதங்களில் ஒரு மாணவர் இயந்திரம்போல் வேலை செய்கிறார் என்பதை வைத்து அவர் மனம் இறுகியவர் என்று தீர்ப்புச் சொல்வது அநீதி. கையைப் பழக்குவதும் பரிவைப் பழக்குவதன் ஒரு பகுதியே.

நோயாளிகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பற்றிசியா லார்சன் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் பராமரிக்கப்படுகிறோம் என்று உணரவைப்பவை எவை என்று புற்றுநோயாளிகளிடம் கேட்டார். ஊசி, சேலைன் போன்றவற்றைத் தாதி சரியாகக் கையாள்வதையும், வைத்தியரை எப்போது அழைக்க வேண்டும் என்று அறிந்திருப்பதையும் அவர்கள் முன்னே வைத்தார்கள். பின்னர் தாதியரிடம் கேட்டபோது அவர்கள் காதுகொடுத்துக் கேட்பதை முன்னே வைத்தார்கள். கனிவாகப் பேசிக்கொண்டே நரம்பு தேடி நான்கு இடத்தில் குத்துபவரைவிட, ஒரே குத்தில் ஏற்றுபவரிடம்தான் நோயாளி நிம்மதி காண்கிறார்.

இது மன்னாரின் வயற்புறத்தில் நன்றாகத் தெரியும். கட்டுக்கரைக்குளத்தை நம்பிய நானாட்டான், முருங்கன் வயல்களில் பாம்புக்கடி தெரிந்த ஆபத்து. புடையன் கடித்தால் குருதி உறையும் தன்மை கெடும். கரையோர வறள்நிலத்துச் சுருட்டையும் அதே வகைக் கேட்டைச் செய்யக்கூடியது. அதைக் கண்டறிய விடுதியிலேயே செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. நரம்பிலிருந்து எடுத்த குருதியில் ஒன்றிரண்டு மில்லிலீற்றரைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு குழாயை ஒருமுறை சரித்துப் பார்க்க வேண்டும். குருதி ஓடினால் விஷம் வேலை செய்கிறது. குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் குருதி உறையத் தூண்டல் கிடைக்காது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. இடையில் எடுத்து ஆட்டிப் பார்த்தால் சோதனையே கெட்டுவிடும்.

அந்த 20 நிமிடம் மாணவருக்கு நல்ல பாடம். குழாயை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலைக்கு ஓடலாம். அல்லது கடிபட்டவரின் பக்கத்தில் நின்று, கால் வீக்கத்தின் எல்லையைப் பேனையால் குறித்து, முரசில் குருதி கசிகிறதா என்று பார்த்து, சிறுநீரின் நிறத்தைக் கேட்டு, இமை தொங்குகிறதா என்று கவனித்து, எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவருக்கும் வீட்டாருக்கும் சொல்லலாம். இந்தச் செயல்கள் ஆறுதலும் தருகின்றன, நோயின் போக்கையும் காட்டிக்கொடுக்கின்றன. அடுத்து விஷமுறிப்பு மருந்து ஏற்றும்போதும் இதேதான். இந்தியாவில் தயாராகும் அந்த மருந்து இலங்கை நோயாளிகளில் பெருந்தொகையினருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது. முன்கூட்டியே தோலின் கீழ் சிறிதளவு அட்ரினலின் ஏற்றினால் கடுமையான எதிர்விளைவுகள் குறையும் என்று 2011 இல் வெளியான இலங்கை ஆய்வு காட்டியது. அப்படிக் கொடுத்தாலும் கட்டிலை விட்டு நகரக்கூடாது. உடம்பு அரிக்கிறது, குளிர்கிறது, நெஞ்சு இறுகுகிறது என்று நோயாளி சொல்வதை முதலில் கேட்பவர் பக்கத்தில் நிற்பவர். சுவான்சன் சொன்ன கூட இருத்தல் இங்கே உயிர் காக்கும் செயலாகிறது. மூத்த தாதி ஒருவர் இந்த நேரத்தில் கட்டிலருகே நின்று காட்டினால் அந்தப் பாடத்துக்குத் தனி வகுப்பு தேவையில்லை.

அப்படி நின்று காட்டுபவர் இருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. ஹெலன் ஓர்ட்டன் 1981 இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு விடுதி கற்றலுக்கு உகந்ததா இல்லையா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவர் அதன் பொறுப்புத் தாதியே என்று காட்டியது. பாம் ஸ்மித் 1992 இல் எழுதிய நூலும் அதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது: பொறுப்புத் தாதி மாணவரை எப்படி நடத்துகிறாரோ, மாணவர் நோயாளியை அப்படி நடத்தும் வாய்ப்பு அதிகம். நோயாளிகளுக்கு முன்னால் திட்டு வாங்கிய மாணவர் அன்றைய முறை முடியும்வரை தன்னைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே இருப்பார். பிழை விட்டதைச் சொல்ல அஞ்சும் விடுதியில், வலியைச் சொல்ல நோயாளியும் அஞ்சுவார்.

விடுதி சொல்லாமல் சொல்லிக்கொடுக்கும் பாடங்களும் உண்டு. ஸ்கொட்லாந்தில் தாதிய மாணவரிடம் ஆய்வு செய்த கத் மீலியா 1987 இல் அவற்றை எழுதினார். வேலையை முடிப்பதே முதன்மை, ஓய்ந்திருப்பவர் போலத் தெரியக்கூடாது, நோயாளியோடு பேசிக்கொண்டு நிற்பது வேலையாகாது என்பதை மாணவர்கள் விரைவில் புரிந்துகொண்டார்கள். இலங்கை விடுதிகளை அறிந்தவர்களுக்கும் இது புதிதாக இராது. காலை 7 மணிக்கு முறை மாறுகிறது. வைத்தியர் சுற்றுக்கு முன் கட்டில்கள் விரிக்கப்பட வேண்டும், வெப்பநிலையும் குருதியமுக்கமும் பெட் ஹெட் டிக்கற் என்ற நோயாளிக் குறிப்பேட்டில் ஏற வேண்டும், மருந்து கட்ட வேண்டிய புண்கள் திறந்திருக்க வேண்டும். ஒரு மாணவருக்கு 30 பேரின் வெப்பநிலை, இன்னொருவருக்கு 30 பேரின் குருதியமுக்கம் என்று வேலையைப் பிரித்தால் விரைவாக முடியும். ஆனால் 30 பேரில் ஒருவரையும் எந்த மாணவரும் முழுதாக அறியமாட்டார். ஒரு மாணவருக்கு மூன்று நான்கு நோயாளிகளைக் கொடுத்து, குளிப்பாட்டுவதில் இருந்து மருந்து வரை அவரையே பொறுப்பாக்கினால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆளில்லாத விடுதியில் அது எளிதல்ல. இருந்தாலும் வாரத்தில் சில நாளாவது அப்படிச் செய்யாத பயிற்சி, பயிற்சி என்ற பெயரில் வேலை வாங்குவதாகவே முடியும்.

வேலையை இப்படித் துண்டாடுவதற்கு வேறொரு காரணத்தையும் இசபெல் மென்சிஸ் 1960 இல் எடுத்துக்காட்டினார். லண்டனின் பெரிய போதனா மருத்துவமனை ஒன்றில் அவர் செய்த ஆய்வு இன்றும் படிக்கப்படுகிறது. இளம் மாணவியர் நாள்தோறும் வலியையும் சாவையும் தொடுகிறார்கள். அந்தப் பதற்றத்தில் இருந்து தப்ப மருத்துவமனையே வழிகளை உருவாக்கி வைத்திருந்தது. நோயாளியைக் கட்டில் எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பது, மாணவரை இடம் மாற்றிக்கொண்டே இருப்பது, எதையும் பட்டியல்படி செய்யவைப்பது ஆகியவை அந்த வழிகள். பதற்றம் அதனால் தணியவில்லை. மாணவியரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே போனார்கள். அவர்களில் பலர் நன்றாகச் செய்யக்கூடியவர்கள் என்பது மென்சிஸ் தந்த மிகக் கசப்பான செய்தி. ‘ஏழாம் கட்டில்’ என்று நோயாளியைச் சொல்லும் மாணவரைக் கண்டிப்பதற்கு முன், அவர் எதைத் தாங்க முடியாமல் அப்படிச் சொல்கிறார் என்று கேட்பது பயனுள்ளது.

மன்னார்க் கரை அத்தகைய பாரத்தை மாணவருக்குத் தாராளமாகவே கொடுக்கும். கடலட்டைக்கும் சங்குக்கும் காற்றுக் குடுவையோடு இறங்கும் சுழியோடிகள் ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைவாக மேலேறினால், குருதியில் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாகிறது. குமிழிகள் முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கினால் இடுப்புக்குக் கீழ் உணர்வு போகலாம். உடனடிச் சிகிச்சை தூய ஒட்சிசன். அடுத்து மீள் அமுக்க அறை. அது கிடைக்கத் தாமதித்தால் சிலருக்கு முடக்கம் நிலைத்துவிடுகிறது. காலையில் கடலுக்குப் போன இளைஞர், மாலையில் சிறுநீர் கழிக்கவும் பிறர் உதவியை நாடுகிறார்.

இத்தகைய நோயாளியிடம் மாணவர் கற்கும் பரிவு பெரும்பாலும் உடல் சார்ந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, வால் எலும்புப் பகுதி ஆகியவற்றின் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலால் அழுத்தியும் சிவப்பு மறையாவிட்டால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். சிறுநீர்க் குழாயைச் சுத்தம் செய்யும்போது திரை இழுக்க வேண்டும், செய்வதற்கு முன் சொல்ல வேண்டும், முகத்தில் அருவருப்புக் காட்டக்கூடாது. உணர்வில்லாத இடம்தானே என்று திரையை மறந்துவிடும் மாணவருக்கு, அந்த இளைஞரின் வெட்கம் அவருடைய இடுப்போடு செத்துவிடவில்லை என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பிறகு வீட்டாரைப் பழக்கும் வேலை. பேசாலையிலோ வங்காலையிலோ மனைவியோ தாயோ நாளை இதையெல்லாம் தனியே செய்யப்போகிறார். அவர் கையால் செய்யவைத்துப் பார்த்து அனுப்பினால்தான் வீடு திரும்பியபின் புண் வராது.

மொழி இன்னொரு தடை. மருத்துவக் குறிப்புகளும் பாடநூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. நோயாளி தமிழில் கேட்கிறார். தெற்கில் இருந்து பணிக்கு வரும் உத்தியோகத்தரின் மொழி சிங்களம். மூன்றுக்கும் நடுவே நிற்பவர் மாணவர். வைத்தியர் சுற்று போன பின், “என்னவாம் சொல்லினம்?” என்று நோயாளி கேட்பது அவரைத்தான். வடக்கில் இது பழைய சிக்கல். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவ மாணவரைப் பயிற்றினார். இன்றைய தாதியக் கல்வியை அவர் வழிக்கே திருப்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு சத்திரசிகிச்சையைத் தமிழில் ஐந்து வசனத்தில் விளக்கிக் காட்டுவது செயன்முறைத் தேர்வில் இடம்பெறுவது நியாயமானது. விளக்கத் தெரியாதவர் நோயாளியின் கேள்வியைத் தவிர்க்கத் தொடங்குவார்; தவிர்ப்பு நாளடைவில் பழக்கமாகும்.

கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் மன்னார் மாவட்டத்தில் மரியாதையின் வடிவங்களும் பலவாகும். எருக்கலம்பிட்டியில் இருந்து வரும் முஸ்லிம் பெண், பெண் தாதியே பார்க்க வேண்டும் என்று விரும்பலாம். சாகும் தறுவாயில் உள்ள கத்தோலிக்கருக்குக் குருவானவர் வந்து நோயில் பூசுதல் செய்ய இடமும் சில நிமிட அமைதியும் வேண்டும். நோன்பு காலத்தில் நீரிழிவு மாத்திரையை எப்போது எடுப்பது என்ற கேள்வி வரும். பட்டியலாகப் படித்தால் இவை மறந்துபோகும். ஒரு குடும்பத்துக்கு ஒருமுறை செய்து கொடுத்தவர் மறக்கமாட்டார்.

கிராமத்துப் பயிற்சியில் நிலைமை தலைகீழாகிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்து குடும்பநல உத்தியோகத்தரோடு வீடுகளுக்குப் போகும்போது மாணவர் அங்கே விருந்தாளி. விடுதியில் நோயாளி அனுமதி கேட்கிறார். வீட்டு வாசலில் தாதி கேட்க வேண்டும். இலங்கை 2016 செப்ரெம்பரில் மலேரியா இல்லாத நாடாகச் சான்று பெற்றது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னார்த் தீவில், நகர மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபென்சி நுளம்பு இலங்கையிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. கிணறுகளிலும் அது பெருகுகிறது. குடிநீர்க் கிணற்றை மூடச் சொல்வது, காய்ச்சல் வந்தவரைக் குருதிச் சோதனைக்கு இணங்கவைப்பது எல்லாம் அதிகாரத்தால் நடப்பவை அல்ல. திண்ணையில் அமர்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்து, பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தொடங்கும் பேச்சில் நடப்பவை. இப்படிப் பழகி வந்த மாணவர் விடுதிக்குத் திரும்பும்போது, கட்டிலில் கிடப்பவருக்கும் ஒரு வீடு இருக்கிறது என்ற நினைப்போடு திரும்புகிறார்.

பொருளில்லாத காலத்தில் பரிவு எப்படி இருக்கும் என்பதை 2022 இன் நெருக்கடி காட்டியது. மருந்துக்கும் கையுறைக்கும் தட்டுப்பாடு வந்தது. தாதியர் பலர் வெளிநாடு சென்றார்கள். மருந்து இல்லை என்று சொல்லும் வேலை விடுதிகளில் தாதியரிடமும் வந்து சேர்ந்தது. அதை முகத்தைப் பார்த்துச் சொல்லி, வேறு வழி என்ன என்று தேடிக் கொடுப்பவரும் உண்டு. வெளியே வாங்கி வாருங்கள் என்று துண்டைக் கையில் திணிப்பவரும் உண்டு. எதைக் கண்டாரோ அதையே மாணவர் எடுத்துக்கொள்கிறார்.

கண்டதைப் பேச ஓர் இடம் இருப்பது பெரும் உதவி. முறை முடிந்தபின் பயிற்றாசிரியரோடு சிறிது நேரம் அமர்ந்து அன்று நடந்ததைச் சொல்வதும், குறிப்பேட்டில் எழுதுவதும் பல நாடுகளில் பாடத்திட்டத்தின் பகுதியாகிவிட்டன. முதல் சாவைக் கண்ட நாளில் இது இன்றியமையாதது. உடலைக் கழுவி, தாடையைக் கட்டி, உறவினரை அழைத்துவர அனுப்பப்பட்ட மாணவரை அடுத்த கட்டிலுக்கு ஊசி போட உடனே அனுப்பினால், அழக்கூடாது என்ற பாடம் ஒரே நாளில் மனத்தில் பதியும். அதை நீக்கப் பல ஆண்டுகள் ஆகும். மூத்த தாதி ஒருவர் தன் முதல் சாவைப் பற்றிச் சொல்லி ஐந்து நிமிடம் கூட இருந்தாலும் நிலைமை மாறும்.

மதிப்பீட்டிலும் மாற்றம் தேவை. பயிற்சிப் பதிவேடு எத்தனை ஊசி, எத்தனை குழாய், எத்தனை பிரசவம் என்று எண்ணுகிறது. அதே பக்கத்தில், தன்னை அறிமுகம் செய்தாரா, செய்யப்போவதைச் சொன்னாரா, மறைப்புக் கொடுத்தாரா, முடிந்தபின் வலி எப்படி என்று கேட்டாரா என்ற நான்கு வரிகளைச் சேர்க்கப் பணம் தேவையில்லை. பயிற்றாசிரியர் கட்டிலருகே வந்து பார்த்துக் கையொப்பமிட நேரம்தான் தேவை, தட்டுப்பாடும் அதற்கே. மாணவர் தொகைக்கு ஏற்ப விடுதியில் நிற்கும் பயிற்றாசிரியர்கள் இல்லாத இடத்தில் எந்தப் படிவமும் வெறுந்தாளாகவே இருக்கும்.

பயிற்சியின் பலன் முதல் நியமனத்தில் சோதிக்கப்படுகிறது. கற்றதற்கும் வேலைத்தலத்தில் காண்பதற்கும் உள்ள இடைவெளியால் புதிய தாதியர் நிலைகுலைவதை மார்லின் கிறேமர் 1974 இலேயே ஒரு நூலாக எழுதினார். சிலர் வேலையை விடுகிறார்கள், சிலர் தாம் கற்ற மதிப்புகளை விட்டுவிட்டு வேலையில் நிலைக்கிறார்கள் என்பது அவர் கண்டது. மன்னார்த் தீவின் முனையிலோ முசலிப் பக்கத்திலோ உள்ள சிறிய வைத்தியசாலையில் இரவு 7 மணி முதல் காலை 7 மணிவரை விடுதிப் பொறுப்பு புதிதாக வந்தவர் தலையில் விழக்கூடும். கேட்டுக்கொள்ள மூத்தவர் பக்கத்தில் இருக்கமாட்டார். முதல் சில மாதங்களுக்கு மாவட்ட வைத்தியசாலையில் அனுபவமுள்ள ஒருவரோடு இணைத்துப் பணி கொடுத்து, பிறகு தனியே அனுப்புவதும், தொலைபேசியில் தயங்காமல் கேட்கக்கூடிய ஒரு மூத்த தாதியை அவருக்குப் பொறுப்பாக்குவதும் இங்கே செய்யக்கூடிய ஏற்பாடுகள். பயிற்சிக் காலத்தில் பாம்புக்கடிபட்டவரின் பக்கத்தில் அந்த 20 நிமிடமும் நின்று பழகியவர், அத்தகைய இரவில் எப்போது அம்புலன்ஸை அழைப்பது என்பதையும், அது வரும்வரை நோயாளியின் வீட்டாரிடம் என்ன சொல்வது என்பதையும் அறிந்தே இருப்பார்.